காஸ் லைட்டு

பூம்பாறையில் குழந்தை வேலப்பர் தேர் என்றாலே பெரியப்பா ஆரம்பித்துவிடுவார்: "கரண்டு வராத காலத்துல காஸ் லைட்டுதான்டா. தலையில வச்சுத் தூக்கிட்டு வருவாங்க. மூடுபனியில ஆள் தெரியாது, வெளிச்சம் மட்டும் நடந்து வரும்." நாங்கள் விடமாட்டோம்: "அது சீமெண்ணெய் விளக்கு பெரியப்பா, காஸ் எங்க இருந்து வந்துச்சு?"

தப்பு எங்கள் பேரில்தான். பெட்ரோமாக்ஸ் என்ற அந்த விளக்கின் கிண்ணத்தில் ஸ்பிரிட்டை ஊற்றிக் கொளுத்தி, மேலே உள்ள குழலைச் சூடேற்றுவார்கள். பிறகு பம்பு அடித்தால் எண்ணெய் அந்தச் சூட்டில் ஆவியாகி, ஊசித் துளை வழியே சீறிக்கொண்டு வரும். எரிவது எண்ணெய் அல்ல, காஸ்தான்.

காஸ் என்ற சொல்லை 17ஆம் நூற்றாண்டில் உண்டாக்கியவர் வேதியியலர் வான் ஹெல்மான்ட். 'கேயாஸ்' என்ற கிரேக்கச் சொல்தான் அவருக்கு மூலம். அது தெருவிளக்கோடு ஒட்டிக்கொண்டது லண்டனில்: 1807இல் பால்மால் தெருவில் காஸ் விளக்கு எரிந்தது. நிலக்கரியைக் காற்றுப் புகாத உலையில் சுட்டு, வருவதைக் குழாயில் விட்டார்கள். 1857இல் கல்கத்தாத் தெருக்களுக்கும் வந்தது.

இந்த விளக்குக்குள் தொங்கும் வலைத்துணிக்குப் பெயர் மேண்டில். மேண்டில் என்றால் ஆங்கிலத்தில் மேலங்கி. சுடருக்குப் போர்த்திய அங்கி. ஆஸ்திரிய வேதியியலர் வெல்ஸ்பாக் 1891இல் அதற்கு 99 பங்கு தோரியம் ஆக்சைடு, 1 பங்கு சீரியம் ஆக்சைடு என்று கலவையைக் கண்டுபிடித்தார். முதல் தடவை கொளுத்தியதும் துணி எரிந்து, வெள்ளைச் சாம்பல்கூடு மட்டும் நிற்கும். ஒரு விட்டில் மோதினால் போச்சு. அந்தத் தோரியத்துக்காகத்தான் நம் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலை ஜெர்மானியர் தேடி வந்தார்கள்.

சரி, தமிழில்? 'காற்று விளக்கு' ஒத்துவராது. விளக்கை அணைப்பதே காற்றுதான். 'வாயு' வடசொல். 'வளி' இருக்கவே இருக்கிறது: தொல்காப்பியம் ஐம்பூதங்களை 'நிலம் தீ நீர் வளி விசும்பு' என்று அடுக்குகிறது, வளிமண்டலம் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். வயிற்றுக் காஸைக்கூட இது விடவில்லை, 'வளிமுதலா எண்ணிய மூன்று' என்று குறளின் மருந்து அதிகாரத்திலேயே வருகிறது. ஆக, காஸ் லைட்டு வளிவிளக்கு. மேண்டிலைச் சுடர்வலை என்று நான் எழுதுவேன். கடையில் கேட்கும்போது மட்டும் மேண்டில் என்றே கேளுங்கள்.