பிரித்துத் தைக்க முடிகிற பையை வாங்குங்கள்

ஆம்பூர்ப் பக்கம் தோல் பை தைப்பது என் தொழில். ஆனால் புதிதாகத் தைப்பதைவிட, மற்றவர்கள் தைத்ததைப் பிரித்துச் சரிசெய்வதில்தான் இப்போதெல்லாம் அதிக நேரம் போகிறது. விடுமுறை முடிந்து யூனிட்டுக்குத் திரும்பும் கம்மவான்பேட்டைப் பக்கத்து ராணுவக்காரர்கள், கான்பூருக்கும் கொல்கத்தாவுக்கும் தோல் வியாபாரமாகப் போய்வருகிறவர்கள், வைத்தியத்துக்காக வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து காட்பாடியில் இறங்குகிற குடும்பங்கள் என்று எங்கள் பக்கத்தில் இரண்டு நாள் ரயில் பயணம் சாதாரணம். அதனால் அடிபட்ட பைகளுக்குப் பஞ்சமே இல்லை.

“மாஸ்டர், ஆறாயிரம் குடுத்து வாங்கினது. ரெண்டு வருஷம்கூட வரலை. ஒரிஜினல் லெதர்னுதானே சொன்னாங்க?”

இதைக் கேட்காத வாரம் கிடையாது. கடைக்காரர் சொன்னது பெரும்பாலும் பொய்யும் இல்லை. மாட்டுத்தோலையோ எருமைத்தோலையோ மெஷினில் கொடுத்துத் தடிமனை இரண்டாகப் பிளப்பார்கள். மேல் அடுக்கில் நார்கள் நெருக்கமாகப் பின்னியிருக்கும், பலம் அங்கேதான். அடி அடுக்கு தளர்வானது, அதை ஸ்ப்ளிட் என்பார்கள். அதன் மேல் பிளாஸ்டிக் படலம் ஒட்டி, மயிர்க்கால் போல அச்சுக் குத்தினால் கண்ணுக்கு மேல்தோலேதான். இன்னும் கீழே இறங்கினால் பாண்டட் லெதர். வெட்டுத்துண்டுகளை அரைத்து, பிசின் கலந்து, தாள் போல் அடித்து எடுப்பது. அதிலும் தோல் இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம். ஐரோப்பாவில் மேல்பூச்சின் தடிமன் 0.15 மில்லிமீட்டரைத் தாண்டினால் வெறும் ‘லெதர்’ என்று எழுதக் கூடாது என்று வரையறை வைத்திருக்கிறார்கள். இங்கே கடையில் அதையெல்லாம் யாரும் அளந்து பார்ப்பதில்லை.

லைட்டரைப் பற்றவைத்துப் பையின் மேல் ஓட்டிக் காட்டுகிற வித்தையைப் பார்த்திருப்பீர்கள். ஒரு நொடி ஓட்டினால் பூச்சுப் பூசிய எதுவும் எரியாது, அவ்வளவுதான். வாசனையும் சாட்சி இல்லை. அதற்கு ஸ்பிரே வந்துவிட்டது. வெட்டிய விளிம்பு எங்காவது தெரிகிறதா என்று தேடுங்கள். பட்டையின் முனை, உள்பாக்கெட்டின் ஓரம், ஜிப் முடிகிற இடம். அங்கே மேலிருந்து கீழ்வரை நார் நாராகத் தெரிந்தால் தோல். துணி இழை தெரிந்தால் ரெக்சின் வகை. மேலே தனியாக ஒரு படலம் கோடு போட்டது போலத் தெரிந்தால் பூச்சு கனமானது என்று அர்த்தம். மேற்பரப்பில் ஒரே மாதிரிச் சுருக்கமும் துளையும் திரும்பத் திரும்ப வந்தால் அது அச்சு. மாட்டுக்கு இரண்டு இடத்தில் ஒரே மாதிரி கொசு கடித்திருக்காது.

பியு பைகளை, அதாவது துணி மேல் பாலியூரித்தேன் பூசிய செயற்கைத் தோல் பைகளைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். “ஒரு தடவைகூட எடுக்கலைங்க, பீரோவிலேயே வெச்சிருந்தேன், அப்படியே உரியுது” என்று கொண்டுவருவார்கள். பாலியூரித்தேன் பூச்சு காற்றில் இருக்கிற ஈரத்தோடு மெதுவாக வினைபுரிந்து தானாகவே சிதையும். எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அது நடக்கும். உரிய ஆரம்பித்த பிறகு பாலிஷ், எண்ணெய், பெயிண்ட் எதுவும் நிற்காது. அந்தப் பைகளை நான் வேலைக்கு எடுப்பதே இல்லை. காசு வாங்குவது பாவம். சில நல்ல தோல் பைகளிலும் உள்ளே இப்படிப் பூச்சுப் போட்ட லைனிங் இருக்கும். நாலைந்து வருஷத்தில் அது பிசுபிசுத்து, வெள்ளை வேட்டியில் கறுப்புத் துகளாக ஒட்டும். லைனிங் வெறும் கனத்த பருத்தித் துணியாக இருந்தால் போதும்.

சரி, தோல் நிஜமானது. அடுத்து தடிமன். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பழைய வட ஆற்காடு முழுக்கத் தோல் ஊர்கள்தான் என்றாலும், ஆம்பூரில் பிரதானம் ஷூ. ஷூவின் மேல்பாகத்துக்குப் போகிற தோல் பொதுவாக 1.2 முதல் 1.6 மில்லிமீட்டர். அதில் மிஞ்சிய தோலும் கழித்த தோலும் பையாக மாறி, பெங்களூர் ஹைவேக் கடைகளில் ‘எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்’ என்று தொங்கும். ஆபீஸ் பைக்கு அது தாராளம். பதினைந்து கிலோ ஏற்றி இரண்டு நாள் இழுத்துப்போகிற பைக்குப் போதாது. மெல்லிசாக இருப்பது தெரியாமலிருக்க உள்ளே ஃபோமும் அட்டையும் கொடுத்திருப்பார்கள். விரலால் அழுத்தினால் மெத்தென்று உள்வாங்கித் திரும்பி வரும். அது தோலின் குணம் இல்லை, ஃபோமின் குணம். பயணப் பையின் உடம்புக்கு 2 முதல் 2.5, கைப்பிடிப் பட்டைக்கு 3 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டும். பட்டையை முதுகுப் பகுதியில், முதுகெலும்பு ஓடுகிற திசையிலேயே வெட்ட வேண்டும். வயிற்றுப் பகுதித் தோலில் வெட்டினால் சிக்கனம்தான், ஆனால் ஆறு மாதத்தில் நீண்டு தொங்கும்.

என்னிடம் வருகிற பைகளில் பெரும்பாலும் உடம்பு நன்றாகவே இருக்கும். போனது கைப்பிடி உடம்போடு சேர்கிற இடம். காட்பாடியில் பல ரயில்கள் நிற்பது சில நிமிஷம்தான். அந்தக் கூட்டத்தில் ஒற்றைக் கைப்பிடியைப் பிடித்து வெடுக்கென்று படிக்கு மேலே இழுக்கும்போது, பையின் எடையைப்போலப் பல மடங்கு அந்த ஒரு அங்குல இடத்தில் விழுகிறது. அதுவும் நேராக இல்லை. ஒரு பக்கமாகக் கிழிக்கிற இழுப்பு.

அப்படிப் பிய்ந்த பையின் லைனிங்கைப் பிரித்துப் பார்த்தால் அநேகமாக ஒரே காட்சிதான். மெல்லிய தோல், அதன் பின்னால் ஈரம் பட்டு உமியாகிப்போன அட்டை, அதில் மாட்டியிருந்த ரிவெட் தன் துளையைத் தானே அகலமாக்கிக்கொண்டு வெளியே வந்திருக்கும். முன்பக்கம் அலங்காரமாக ஒரு வரி மெஷின் தையல். அதற்குப் பின்னால் தாங்க ஒன்றும் இல்லை.

இதைச் சரிசெய்ய, முதுகுப் பகுதித் தோலில் கிழிசலைவிட நாலு பக்கமும் பெரிதாக ஒரு துண்டு வெட்டி, அதன் ஓரத்தைக் கத்தியால் சீவிச் சரிவாக்குவேன். சீவாமல் வைத்தால் அந்த விளிம்பே அடுத்த கிழிசலுக்கு இடமாகும். உள்ளே ஒட்டி, குத்தூசியால் துளையிட்டு, இரட்டை ஊசித் தையல். ஒரே நூல், அதன் இரண்டு முனையிலும் ஒவ்வொரு ஊசி. இடப்பக்க ஊசி துளைக்குள் போய் வலப்பக்கம் வரும். வலப்பக்க ஊசி அதே துளை வழியாக இடப்பக்கம் வரும். இரண்டையும் ஒரே பலத்தில் இழுத்து இறுக்கிவிட்டு அடுத்த துளை. நூலில் தேன்மெழுகு ஏற்றியிருந்தால் இறுக்கிய இடத்திலேயே நிற்கும். மெஷின் தையலில் மேல்நூலும் அடியிலிருந்து வருகிற பாபின் நூலும் தோலின் நடுவில் ஒன்றையொன்று கோத்துப் பிடித்திருக்கின்றன. ஓரிடத்தில் அறுந்தால் அடுத்தடுத்த தையல்களும் நழுவ ஆரம்பிக்கும். இரட்டை ஊசித் தையலில் ஒரு பக்கம் தேய்ந்து அறுந்தாலும் மறுபக்கம் ஓடுகிற நூல் அதே துளைகளில் பிடித்துக்கொண்டிருக்கும்.

அதற்காகப் பை முழுக்கக் கைத்தையல்தான் வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். நீளமான பக்கங்களை நல்ல கனரக மெஷின் ஒழுங்காகத் தைக்கும். கைப்பிடி அடி, தோள்பட்டை வளையம், ஜிப்பின் இரு முனை, இந்த இடங்களில் கை பட்டிருந்தால் போதும். ‘முழுவதும் கைவேலை’ என்று சொல்லி இரண்டு மடங்கு விலை கேட்டால், லைனிங்கை வெளியே இழுத்துக் கைப்பிடிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். லைனிங் முழுக்க ஒட்டப்பட்டு, இழுக்கவே முடியாது என்றால் நான் வாங்க மாட்டேன். பின்னாளில் யாரும் அதைப் பிரிக்கவும் முடியாது.

தையல் நெருக்கமாக இருந்தால் உறுதி என்று நினைக்கிறவர்கள் உண்டு. இந்தத் தடிமனுக்கு அங்குலத்துக்கு ஆறு முதல் எட்டுத் தையல் போதும். அதைவிட நெருக்கினால் தபால்தலைத் தாளில் கிழிப்பதற்குத் துளை போட்டது போல ஆகிவிடும்.

இனி பதனிட்ட விதம். எங்கள் பகுதியில் பழைய முறை ஆவாரம்பட்டை, கடைசியில் கடுக்காய். ‘ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ’ என்பார்கள். மாட்டைப் பொறுத்தவரை ஆவாரையின் வேலை செத்த பிறகுதான் தொடங்குகிறது. வாரக்கணக்கில் ஊறுகிற இந்தத் தோல்தான் ஈ.ஐ. லெதர், அதாவது ஈஸ்ட் இந்தியா லெதர் என்று கப்பலேறியது. இப்போது புவிசார் குறியீடும் உண்டு. 1970களில் இந்த மாதிரி அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்திய பிறகு, பலரும் குரோமிய உப்பில் பதனிடுகிற குரோம் முறைக்கும் ஷூவுக்கும் மாறினார்கள். குரோம் வேலை ஓரிரு நாளில் முடியும். தோலும் மென்மையாக, தண்ணீரைத் தாங்குவதாக இருக்கும். ஆவாரம்பட்டையில் பதனிட்ட பட்டைத் தோல் விறைப்பாக, வடிவம் மாறாமல் நிற்கும். வெளிச்சம் பட்டுச் சிவந்து, கைபட்டு மெருகேறும். கிளாட்ஸ்டன் பை மாதிரி வடிவம் நிற்க வேண்டிய பழைய பாணிப் பெட்டிக்கு எனக்குப் பட்டைத் தோல்தான் பிடிக்கும். மழையூருக்குப் போகிறவருக்குக் குரோம் தோலைத்தான் சொல்வேன்.

ஆனால் ‘பட்டைத் தோல், அதனால் சுற்றுச்சூழலுக்குக் கெடுதலே இல்லை’ என்று விற்பதைப் பாலாற்றங்கரையில் இருக்கிற யாரும் வாய் மூடிக் கேட்க முடியாது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது இந்தத் தொழிலின் கழிவுநீர் பற்றித்தான். பச்சைத்தோல் கெடாமலிருக்க அப்பிய உப்பு முதல் ஊறலிலேயே தண்ணீரில் இறங்கிவிடுகிறது. பிறகு அது குரோமுக்குப் போனால் என்ன, பட்டைக்குப் போனால் என்ன, உப்பு உப்புதான்.

பட்டைத் தோலுக்கு இரும்பு ஆகாது. கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் மை. அந்தக் காலத்தில் மை காய்ச்சியதே அப்படித்தான். முலாம் பூசிய இரும்புப் பக்கிள் வியர்வையில் துருப்பிடித்தால் சுற்றிலும் கருநீலக் கறை படியும், அதை எடுக்க வழியில்லை. ஒரு சின்ன காந்தம் கொண்டுபோங்கள். ஒட்டினால் இரும்பு. ஒட்டாவிட்டாலும் பித்தளை என்று முடிவு கட்டாதீர்கள். துத்தநாகக் கலவையும் ஒட்டாது. அது அச்சில் வார்த்தது, ஒரு நாள் பட்டென்று உடையும். உள்பக்கம் லேசாகக் கீறினால் மஞ்சள் தெரிய வேண்டும், சாம்பல் நிறம் தெரியக் கூடாது. ஜிப்பை இழுத்து மூடுகிற ஸ்லைடரின் பின்பக்கம் ஓர் எண் இருக்கும். பயணப் பையின் பெரிய வாய்க்கு 8 அல்லது 10 வேண்டும், 5 போதாது. ஜிப் பிளந்துகொண்டால் பாதி நேரம் பழுது ஸ்லைடரில்தான். பல்லெல்லாம் சரியாக இருக்க, ஜிப்பையே மாற்ற வேண்டும் என்று சொல்பவரிடம் முதலில் ஸ்லைடரை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

எடையைப் பற்றி விற்பவர்கள் வாய் திறப்பதில்லை. 2 மில்லிமீட்டர் தோல் ஒரு சதுர அடி கிட்டத்தட்ட 180 கிராம் வரும். ஒரு நடுத்தர டஃபிள் பை தைத்து முடித்தால் இரண்டு, இரண்டரைக் கிலோ. விமானத்தில் கைப்பை வரம்பு 7 கிலோ என்றால் மூன்றில் ஒரு பங்கு பைக்கே போயிற்று. முழுத்தோலில் பெரிய சக்கரப் பெட்டி வாங்குவது என் கண்ணுக்கு வீண் செலவு. கனமும் அதிகம், விமான நிலையத்தில் பெட்டி வருகிற பெல்ட்டில் அடிபட்டு மூலையும் தேயும். லூயி வுய்ட்டான் 1858-ல் தட்டை மூடிப் பெட்டியைக் கொண்டுவந்தபோதே மேலே போர்த்தியது கான்வாஸ், தோல் இல்லை. ரயிலில் இந்தக் கவலை குறைவு. ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் 40 கிலோ வரை அனுமதி உண்டு. கவனிக்க வேண்டியது பெர்த்துக்கு அடியில் நுழைகிறதா என்பதைத்தான். சப்பையாகிற டஃபிள் நுழைந்துவிடும், விறைப்பான பெட்டி சில கோச்சில் நுழையாது.

நனைந்த தோல் பையை வேலூர் வெயிலில் காயப்போடாதீர்கள். ஈரப் பட்டைத் தோல் சூட்டில் சுருங்கிப் பலகையாகிவிடும். செய்தித்தாளைத் திணித்து நிழலில், காற்றோட்டத்தில் இரண்டு நாள் விடுங்கள். தேங்காய் எண்ணெய் தடவுகிற பழக்கத்தையும் விடலாம். தோல் அளவுக்கு மீறித் தொளதொளக்கும், தூசி ஒட்டும், சட்டையிலும் கறை படியும். தேன்மெழுகு கலந்த தோல் கிரீமை வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை மெல்லிசாகப் பூசினால் போதும். பாலிதீன் கவரில் மூடி வைக்கவே கூடாது, பூஞ்சை பிடிக்கும். பழைய வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள்.

ஆர்டர் கொடுத்துத் தைக்கச் சொல்கிறவர்கள் பையோடு அதே தோலில் இரண்டு கையகலத் துண்டு, ஒரு பக்கிள், ஒரு ஸ்லைடர் கேட்டு வாங்கி உள்பாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள். அதே நிறத்தில், அதே தடிமனில் தோலைப் பத்து வருஷம் கழித்து எந்த மண்டியில் தேடினாலும் கிடைக்காது. வழியில் அவசரத்துக்கு யாரிடமாவது கொடுக்க நேர்ந்தால் ஆணி மட்டும் அடிக்க விடாதீர்கள். நூலால் நாலு தையல் போட்டு ஊர் வந்து சேருங்கள், மீதியைப் பார்த்துக்கொள்ளலாம்.