ஒரு இலட்சம் ரூபாக் கிழமை லோனில் வயலுக்குப் போவது எவ்வளவு?

இலங்கையின் வன்னியில் இரணைமடுக் குளத்தின் கீழோ முத்தையன்கட்டுக் குளத்தின் கீழோ வயல் செய்கிற வீட்டுக்குக் காசு வருவது ஆண்டில் ஒரு தடவை. சிறுபோகத்துக்கும் (இரண்டாம் போகம்) தண்ணீர் கிடைத்தால் இரண்டு தடவை. கிழமை லோனுக்கோ, அதாவது கிழமைக்குக் கிழமை கட்டும் நுண்நிதிக் கடனுக்கோ, 52 தடவை கட்டவேண்டும். வன்னியின் கடன் சிக்கலில் பாதி இதுதான். மற்றப் பாதி வட்டி.

முதலில் வட்டியைப் பார்ப்போம். ஒரு இலட்சம் ரூபா, ஆண்டுக்கு 24 வீத 'பிளாட்' வட்டி, 52 கிழமை. மொத்தம் கட்டுவது 124,000; கிழமைக்கு 2,385. 24 வீதம்தானே என்று தோன்றும். ஆனால் முதற்கிழமையிலிருந்தே நீங்கள் முதலையும் திருப்பிக் கொடுத்துக்கொண்டு வருகிறீர்கள். வட்டியோ கடைசிக் கிழமை வரை முழு இலட்சத்துக்கும் போடப்பட்டிருக்கிறது. குறைந்துவரும் மீதிக்குக் கணக்குப் பார்த்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 44 வீதம், கூட்டுவட்டியாகப் பார்த்தால் 55. பத்திரச் செலவு, காப்புறுதி என்று 5,000 ஐக் கழித்து 95,000 ஐக் கையில் தந்தால் அதே கூட்டுவட்டி 73 வீதத்தைத் தொடும்.

மத்திய வங்கியின் மேற்பார்வைக்குள் வரும் நிறுவனங்களின் நுண்நிதிக் கடனுக்கு 2018இல் 35 வீத உச்சவரம்பு கொண்டுவரப்பட்டது. அந்த 35 ஐக் கூட்டுவட்டிக்கு அளவுகோலாக வைத்தால், ஒரு இலட்சத்துக்கு 52 கிழமைக் கட்டுப்பணம் கிழமைக்கு 2,232 ரூபா. 50,000க்கு 1,116 ரூபா. அதுவும் ஒரு சதமும் கழிக்காமல் தந்தால் மட்டும். போமில் கையெழுத்து வைக்க முதல் இந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 'வீதம் எவ்வளவு?' என்று கேட்டால் சிறிய எண்தான் பதிலாக வரும். 'கிழமைக்கு எவ்வளவு, எத்தனை கிழமை, கையில் எவ்வளவு?' என்று கேளுங்கள்.

இனி பயிர்க் கணக்கு. பெரும்போகமான காலபோகத்தில் மூன்றரை மாத நெல் விதைத்தால் வெட்டும்வரை 15 கிழமை. கட்டுப்பணமோ லோன் எடுத்த அடுத்த கிழமையே தொடங்கிவிடும். ஒரு மூட்டை நெல்லும் வீட்டுக்கு வராத நிலையில் 35,775 ரூபா போய்விடும். அது எங்கிருந்து வரும்? எடுத்த லோனிலிருந்துதான். 95,000 வாங்கியவரின் வயலுக்கு உண்மையில் மிஞ்சுவது 59,000 சொச்சம். உரம் பாதியில் நிற்க, அதை முடிக்க இன்னொரு லோன், அதைக் கட்ட மீற்றர் வட்டி (தனியாட்களிடம் எடுக்கும், மீற்றர் போல ஏறும் கடுவட்டி). ஆட்கள் செலவாளிகளாக இருப்பதால் இது நடப்பதில்லை. கட்டுப்பணத்தின் அட்டவணையே இப்படித்தான் இழுத்துச் செல்லும். ஒவ்வொரு கிழமையும் காசு புழங்கும் கடைக்கோ பாண் பேக்கரிக்கோ அதே லோன் தாங்கும்.

இங்கே பழைய கடனும் இருக்கிறது. 2009க்குப் பிறகு மீளக்குடியேறியவர்களுக்கு இந்திய வீட்டுத்திட்டத்தில் 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா பகுதி பகுதியாகக் கிடைத்தது. சீமெந்தும் கூலியும் ஏற, அந்தக் காசுக்குள் வேலை முடியாத வீடுகளுக்குக் கூரையும் கதவும் லோனில் வந்தன. 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை விழுந்தது. நவம்பரில் அதை நீக்கியபோது காலபோகம் தொடங்கிவிட்டது. 2022 ஏப்ரல் 8இல் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 புள்ளிகள் கூட்டியது; 12ஆம் திகதி நாடு வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்தியது. செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் ஏறக்குறைய 70 வீதத்தை எட்டியது. அதற்கு முந்திய மாதம் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340க்குப் பாய்ந்தது. முல்லைத்தீவுப் படகுகளின் வெளி இணைப்பு இயந்திரத்துக்கும் தோட்டத்து நீரிறைக்கும் இயந்திரத்துக்கும் அந்த எண்ணெய்தான். (90களின் பொருளாதாரத் தடையில் போத்தல் விளக்கோடு வாழ்ந்த ஊர்களுக்கு மண்ணெண்ணெய் வரிசை புதிதல்ல, லோன்காரர் வாசலில் நிற்க வரிசையில் நிற்பதுதான் புதிது.) 2024 நவம்பரில் வன்னித் தேர்தல் மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 2 ஐ தெற்கை மையமாகக் கொண்ட தேசிய மக்கள் சக்தி பெற்றதை இனப்பிரச்சினையின் அளவுகோலால் மட்டும் அளப்பவர்கள் இந்தக் கணக்குப் புத்தகங்களையும் ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

கடன் தந்தவர்களிடம் நாடு கேட்டது மூன்றே விடயம்: தவணையை நீட்டு, வட்டியைக் குறை, மூலத்தொகையில் கொஞ்சம் விடு. 2024 டிசெம்பரில் பிணைமுறிக்காரர்களோடு (நாட்டின் கடன்பத்திரங்களை வைத்திருந்தவர்கள்) அதை முடித்தது. வீடும் கேட்கலாம். கட்டத் தவறுவதற்கு முந்தியே கேட்பது நல்லது. பிந்தினால் தண்டமும் சேரும்.

ஒரு தாளில் எல்லாக் கடனையும் எழுதுங்கள்: எடுத்தது, கையில் வந்தது, கட்டியது, மிச்சம், பிணை நின்றவர், ஈடு வைத்த பொருள். ஈட்டை இழக்கக்கூடியவற்றை முதலில் கட்டுங்கள்: அடைவு நகை, லீசிங் மோட்டார் சைக்கிள். அடுத்தது மீற்றர் வட்டி. குழுக்கடனில் நீங்கள் தவறினால் பக்கத்து வீட்டு அக்காவின் தலையில் விழும். அவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். பிறகு நிறுவனத்துக்குக் கடிதம்: இன்ன மாதம் அறுவடை, அதுவரை வட்டி மட்டும், பிறகு மாதத்துக்கு இவ்வளவு. இரண்டு பிரதி எடுத்து ஒன்றில் முத்திரையும் திகதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபால். வசூலிக்க வருபவரிடம் வாயால் சொன்னது கணக்கில் வராது. பதில் இல்லையென்றால், அல்லது மிரட்டல் வந்தால், கடிதப் பிரதியோடு மத்திய வங்கியின் 1935க்கு முறையிடலாம். அந்த நிறுவனம் மத்திய வங்கியில் பதிந்ததா என்பதை முதலே பாருங்கள். வெறும் கம்பனிப் பதிவு அதற்குச் சமனல்ல. தனியாள் வட்டிக்கு 1918ஆம் ஆண்டின் பணக்கடன் கொடுத்தல் கட்டளைச் சட்டம் இன்னும் உண்டு: அளவுமீறிய வட்டியென்றால் நீதிமன்றம் கணக்கைத் திரும்பத் திறக்கலாம். சட்ட உதவி ஆணைக்குழுவில் இதைக் கேளுங்கள்.

பழைய லோனை மூடப் புதிய லோன் எடுப்பதைத்தான் அதிகம் பயப்படவேண்டும்: பத்திரச் செலவும் காப்புறுதியும் இரண்டாம் தடவை கழியும், பழைய வட்டி புதிய முதலாகிவிடும். வெற்றுக் காசோலை, வெற்றுத் தாள், அஸ்வெசும (அரச நலன்புரி) பணம் வரும் வங்கி அட்டை ஆகிய மூன்றையும் எவரிடமும் பிணையாகக் கொடுக்கவேண்டாம். கட்டிய காசு அன்றைக்கே கொப்பியில் ஏறவேண்டும். 'அடுத்த கிழமை சேர்த்து எழுதுவம்' என்றால் காசையும் அடுத்த கிழமை கொடுங்கள். அரச காணியின் அனுமதிப்பத்திரத்தை வாங்கிவைத்துக்கொண்டு காசு தருபவர்களும் இருக்கிறார்கள். பிரதேச செயலகத்தின் அனுமதியில்லாமல் அந்தக் காணியைக் கைமாற்ற எழுதும் உடன்படிக்கைக்குச் சட்டவலு கிடையாது. பத்திரம் இன்னொருவர் அலுமாரியில் இருக்கிறது என்பதற்காகக் காணியை விட்டு எழும்பிப் போகவேண்டாம். காணிக் கிளைக்குப் போய் விடயத்தை எழுத்தில் கொடுங்கள்.