4294967297: பகா எண் என்று நம்பப்பட்ட ஓர் எண்

32 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வரும் விடையோடு 1-ஐக் கூட்டினால் 4294967297 கிடைக்கும். அதாவது 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மா இதைப் பகா எண் என்று நம்பினார். 2-இன் அடுக்கை 1, 2, 4, 8, 16 என இரட்டித்துக்கொண்டே போய் ஒவ்வொன்றோடும் 1-ஐக் கூட்டினால் வரும் 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்துமே பகா எண்கள் என்பதால், ஆறாவதாக வரும் இதையும் அவர் அப்படிக் கருதியதில் வியப்பில்லை. ஆனால் 1732-இல் கணிதவியலாளர் ஆய்லர், இந்த எண் 641 × 6700417 என்று காட்டினார். வரிசையில் இதற்கு மேல் இன்றுவரை ஒரு பகா எண்கூட அகப்படவில்லை.

641-ஐ எப்படிக் கண்டுபிடிப்பது? இந்த எண்ணின் வர்க்கமூலம் ஏறத்தாழ 65536. அதுவரையுள்ள பகா எண்கள் 6542. சிறியதிலிருந்து ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டு வந்தால் 641 நூற்றுப்பதினாறாவதாகத்தான் வரும். எண்ணின் அமைப்பைக் கவனித்தால் அவ்வளவு உழைப்பு தேவையில்லை.

முதலில் 17-ஐப் பார்ப்போம். 2, 4, 8, 16, 32 என்று இரண்டின் அடுக்குகளை 17-ஆல் வகுத்தால் மீதிகள் 2, 4, 8, 16, 15, 13, 9, 1 என்று வந்து, எட்டாவதற்குப் பிறகு மீண்டும் 2-இலிருந்து தொடங்குகின்றன. சுற்றின் நீளம் 8. அது 17-ஐ விட ஒன்று குறைவான 16-ஐ மீதியின்றி வகுக்கிறது. ஒற்றைப்படைப் பகா எண் எதற்கும் இப்படித்தான் நடக்கும் என்பது ஃபெர்மாவே கண்ட தேற்றத்தின் விளைவு. நம் எண்ணை ஒரு பகா எண் வகுத்தால், 2-இன் 32-ஆம் அடுக்கு அதன் மடங்கு ஒன்றுக்கு ஒன்று குறைவாக இருக்கும்; அதை வர்க்கமாக்கினால் வரும் 64-ஆம் அடுக்கில்தான் மீதி முதன்முறையாக 1 ஆகும். எனவே அந்தப் பகா எண்ணுக்கு இந்தச் சுற்றின் நீளம் சரியாக 64 ஆக வேண்டும். ஆகவே அது 64-இன் மடங்கோடு ஒன்றைக் கூட்டிய எண்ணாகவே இருக்கும். அத்தகைய பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று செல்கின்றன. இவற்றில் 257-ஐச் சோதிக்கவே வேண்டாம். 3 × 5 × 17 × 257 × 65537 என்பது 4294967295. நம் எண்ணை விட இரண்டே குறைவு என்பதால், 257 இரண்டையும் வகுக்க முடியாது. எஞ்சியவற்றில் நான்காவது வகுத்தலிலேயே 641 பிடிபட்டுவிடுகிறது.

இதைவிட அழகானது, நீண்ட வகுத்தலே இல்லாமல் 641 வகுக்கும் என்று நிறுவும் வழி. 641 என்பது 5 × 128 + 1. அதுவே 625 + 16 என்றும் பிரியும். முதல் வடிவத்தின்படி 640 என்பது 641-க்கு ஒன்று குறைவு. அதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால், 641-இன் ஒரு மடங்கை விட ஒன்று அதிகமாக வரும். அந்த நான்காம் அடுக்கு 625-ஐ 2-இன் 28-ஆம் அடுக்கால் பெருக்கியது. இரண்டாம் வடிவத்தின்படி 625 என்பது 641-க்கு 16 குறைவு. 16 என்பது 2-இன் நான்காம் அடுக்கு. எனவே 625-க்குப் பதிலாகக் கழித்தல் 16-ஐ வைத்தால், 28-உம் 4-உம் சேர்ந்து 2-இன் 32-ஆம் அடுக்கு கழித்தல் குறியோடு நிற்கிறது. ஆக 4294967296 என்பது 641-இன் மடங்கு ஒன்றுக்குச் சரியாக ஒன்று குறைகிறது; ஃபெர்மாவின் எண்ணில் கூட்டப்படும் 1 அந்தக் குறையை நிரப்பிவிடுகிறது.