வைக்கிங்: இனத்தின் பெயரா, வேலையின் பெயரா?

"ராக்னர் ஒரு கடற்கொள்ளையர். அவர் ஒரு சாதாரண விவசாயி." வைக்கிங்ஸ் என்ற டிவி தொடரின் கதையைத் தமிழில் சொல்லும் ஒரு காணொளி, அதன் நாயகன் ராக்னரைப் பற்றி இப்படி ஆரம்பித்தது. அக்கா மகன் அனுப்பியது. இரண்டு வாக்கியத்துக்கும் நடுவே அந்தத் தம்பி மூச்சுகூட விடவில்லை. கொள்ளையர் எப்படி விவசாயி ஆனார், பகலில் உழவு ராத்திரியில் களவா என்று அவருக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. வைக்கிங் என்று வருகிற இடத்திலெல்லாம் கடற்கொள்ளையர் என்று போட்டுக்கொண்டே போயிருக்கிறார். கடற்கொள்ளையர் இனம், கடற்கொள்ளையர் மொழி, கடற்கொள்ளையர் கடவுள் ஓடின். "கடற்கொள்ளையர் குழந்தைகள்" என்று வந்ததும் நிறுத்திவிட்டேன்.

அவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. வார இதழ்க் கட்டுரை, பொது அறிவுப் புத்தகம், துணைத்தலைப்பு என்று எங்கே பார்த்தாலும் இதேதான். சோமாலியக் கரையில் கப்பலைப் பிடித்து வைத்துக்கொண்டு பணம் கேட்பவருக்கும் அதே சொல், கிரீன்லாந்தில் போய் ஆடு மாடு வளர்த்துக் குடியிருந்தவருக்கும் அதே சொல்.

முதலில் சொல்லைப் பார்த்துவிடலாம். ஸ்காண்டிநேவியர் அந்தக் காலத்தில் பேசிய பழைய நார்ஸ் மொழியில் வீக்கிங்ர் என்றால் ஆள். வீக்கிங் என்றால் அந்த ஆள் போகிற பயணம். "வீக்கிங்குக்குப் போனான்" என்றுதான் ஐஸ்லாந்துக் கதைகளில் வரும். வேர் எது என்பதில் சண்டை ஓயவில்லை. 'வீக்' என்றால் சிறு குடா, அதிலிருந்து வந்தது என்பார் ஒருவர். இல்லை, இன்றைய ஆஸ்லோ பக்கத்துக் கடற்கரைக்கு வீக்கின் என்றே பெயர், அந்த ஊர்க்காரர்கள் என்பார் இன்னொருவர். துடுப்புப் போடுகிறவர்கள் முறை மாற்றிக்கொள்ளும் தூரத்துக்கு 'வீக்கா' என்று பெயர், அதுதான் மூலம் என்பது மூன்றாவது கட்சி. பழைய ஆங்கிலத்தில் சந்தை, தங்குமிடம் என்ற பொருளில் இருந்த சொல்லைக் காட்டுகிறவர்களும் உண்டு. எனக்கு இதில் கட்சி இல்லை. எதை எடுத்தாலும் அது ஓர் இனத்தின் பெயர் இல்லை, எனக்கு அவ்வளவு போதும்.

அடி வாங்கியவர்களும் அவர்களை வைக்கிங் என்று பெரும்பாலும் அழைக்கவில்லை. இங்கிலாந்துக்காரர்கள் டேனியர் என்றார்கள், கோபம் வந்தால் அஞ்ஞானிகள் என்றார்கள். 865இல் வந்திறங்கிய படைக்கு அவர்களுடைய ஆண்டுக்குறிப்பில் பெயரே 'பெரிய அஞ்ஞானிப் படை'தான். இன்றைய பிரான்ஸ் பக்கத்தை ஆண்ட பிராங்குகளுக்கு அவர்கள் வடக்கத்தியர். நார்மண்டி என்ற ஊர்ப்பெயர் அப்படித்தான் வந்தது. கிழக்கே ஆற்று வழியாகப் போனவர்களுக்கு ரூஸ் என்று பெயர். 922இல் வோல்கா ஆற்றங்கரையில் அவர்கள் தங்கள் தலைவனைப் படகோடு வைத்து எரித்ததைப் பக்கத்தில் நின்று பார்த்து எழுதிவைத்த இபின் பத்லானும் ரூஸ் என்றுதான் எழுதுகிறார். ஸ்காண்டிநேவியர் எல்லோரையும் சேர்த்து வைக்கிங் என்று அழைக்கிற வழக்கம் 19ஆம் நூற்றாண்டில், பழம்பெருமை தேடிய கவிஞர்களும் ஆராய்ச்சியாளர்களும் தூசு தட்டி எடுத்துக்கொடுத்தது.

அப்படியானால் வைக்கிங் யார்? ஸ்வெய்ன் அஸ்லெய்ஃப்சன் என்று ஓர் ஆள், 12ஆம் நூற்றாண்டு, ஸ்காட்லாந்துக்கு வடக்கே இருக்கிற ஆர்க்னித் தீவுக்காரர். குளிர்காலம் முழுக்க எண்பது பேருக்குத் தன் வீட்டில் சாப்பாடு போடுவார். வசந்தம் வந்ததும் அவருக்கு வயலில் ஏகப்பட்ட வேலை. விதைப்பை அருகில் இருந்து பார்த்துக்கொள்வார். விதைப்பு முடிந்ததும் படகை எடுத்துக்கொண்டு ஹெப்ரிடீஸ் தீவுகளிலும் அயர்லாந்திலும் சூறையாடப் போய்விடுவார். அதற்குப் பெயர் வசந்த வீக்கிங். கோடை நடுவுக்குப் பிறகு திரும்பி வந்து அறுப்பு முடித்து, தானியத்தைச் சேர்த்து வைத்துவிட்டு மறுபடியும் கிளம்புவார். அது இலையுதிர் வீக்கிங். விதைத்துவிட்டு வெளியூர் வேலைக்குப் போய் அறுப்புக்கு ஊர் திரும்புகிறவர் மாதிரி. தொடரின் முதல் பாகத்திலும் இதேதான் நடக்கிறது. ராக்னருக்கு நிலம் இருக்கிறது, ஆடு இருக்கிறது, கோடை வந்தால் தலைவன் கிழக்கே சூறைக்கு அனுப்புகிறான், இவன் மேற்கே போக வேண்டும் என்று மல்லுக்கட்டுகிறான். கதையின் முடிச்சே அங்கேதான் இருக்கிறது. 'கொள்ளையர் இனம்' என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டால் அந்த முடிச்சு அவிழ்ந்து கீழே விழுந்துவிடும்.

எதிர்த்தரப்புக்கும் ஓர் ஆதாரம் உண்டு, மறைக்க மாட்டேன். இங்கிலாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் மடாலயம் 793இல் தாக்கப்படுவதற்கு முன்பே எழுதப்பட்ட பழைய ஆங்கிலச் சொற்பட்டியலில் இந்தச் சொல் கடற்கொள்ளையோடு சேர்த்துத்தான் வருகிறது. சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கேயும் அது தொழில்தான், யார் செய்தாலும் அந்தப் பெயர். அதே சமயம் வடக்கே ரூன் என்ற பழைய எழுத்தில் வெட்டிய கல்வெட்டுகளில் வீக்கிங்ர் என்பது அப்பா அம்மா வைத்த பெயராகவே இருக்கிறது. பெற்ற பிள்ளைக்குக் கொள்ளைக்காரன் என்று யாராவது பெயர் வைப்பார்களா? (நம் ஊரில் கள்ளழகர் இருக்கிறார் என்பதால் இந்த வாதத்தை ரொம்ப இழுக்காமல் விடுகிறேன்.)

கொள்ளையர் என்ற சொல்லில் எனக்கு உறுத்துவது அதிலிருக்கிற தீர்ப்பு. பகைவர் ஆநிரையைக் கவர்ந்து வருவதற்குத் தமிழில் ஒரு திணையே இருக்கிறது. வெட்சி சூடிப் போன மறவரை மாட்டுத் திருடர் என்று எழுதினால் நாம் சும்மா இருப்போமா? 1025இல் ராஜேந்திர சோழனின் கப்பல்கள் ஸ்ரீவிஜயத்தின் துறைகளைச் சூறையாடின. அதே ஆண்டில் இங்கிலாந்தை க்னூட் ஆண்டுகொண்டிருந்தார், படையோடு வந்து பிடித்த டேனிய அரசர். நம்மவர் செய்தால் கடல் கடந்த வெற்றி, அவர் செய்தால் கடற்கொள்ளை. மடாலயத்தில் வெட்டுப்பட்ட துறவிக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரிந்திருக்காது, அது உண்மைதான். ஆனால் மொழிபெயர்க்கிறவர் துறவியின் கட்சியா, படகுக்காரனின் கட்சியா என்று பாத்திரத்துக்குப் பாத்திரம் பார்க்க வேண்டாமா? மடாதிபதி பேசும்போது தாராளமாகக் கொள்ளையர் என்று போடுங்கள். ராக்னர் தன்னையே அப்படிச் சொல்லிக்கொள்வானா?

தனித்தமிழ் நண்பர் ஒருவர் இருக்கிறார். அவருடைய முடிவு 'விரிகுடாவர்'. வீக் என்றால் குடா, அதனால் குடாவர், விரிந்த குடா, ஆகவே விரிகுடாவர். மூன்று நாள் வாதாடினேன். எல்லோரும் ஒப்புக்கொள்ளாத வேர்களில் ஒன்றைப் பிடித்து இழுத்து அதைத் தமிழாக்கினால், நாளைக்கு வேறு வேர்தான் சரி என்று ஆகிவிட்டால் என்ன செய்வீர்கள், 'துடுப்புமுறையர்' என்று மாற்றுவீர்களா என்று கேட்டேன். அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது என்றார். அதோடு நம் வாசகர் விரிகுடா என்றாலே வங்காள விரிகுடாவுக்குப் போய்விடுவார், மழைச் செய்தி ஞாபகம் வரும். அவருடைய இரண்டாவது யோசனை 'வடவர்'. கேட்க அழகாக இருக்கிறது, பழஞ்சொல்லும்கூட, ஆனால் இன்றைக்கு அதைப் போட்டால் லண்டனை வடவர் தாக்கினார்கள் என்பதை எந்த அர்த்தத்தில் படிப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

என் முடிவு ரொம்பச் சாதாரணமானது. மக்களுக்கு நார்ஸ்காரர், அல்லது ஊர் தெரிந்தால் டேனியர், நார்வேக்காரர். போகிற காரியத்துக்குக் கடற்சூறை. சூறை நல்ல தமிழ், காற்றுக்கும் கொள்ளைக்கும் பொது. "கோடையில் கடற்சூறைக்குப் போவார்கள்" என்று எழுதிப் பாருங்கள், எங்கேயும் இடறாது. போகிற ஆளுக்கு வைக்கிங் என்றே வைத்துக்கொள்ளலாம். சாமுராய் என்பதை நாம் என்ன 'ஜப்பானியப் போர்க்குடியர்' என்றா எழுதிக்கொண்டிருக்கிறோம்?

எழுத்து விஷயம் ஒன்று. வைகிங் என்று ஒற்றைக் ககரத்தில் எழுதாதீர்கள், வைகை மாதிரி மெலிந்துவிடும். இரட்டைக் ககரம் வேண்டும். அந்த ஊர்க்காரர்களின் உச்சரிப்புப்படி வீக்கிங் என்று எழுதுவதுதான் முறை, அது தெரிந்தும் நான் எழுதவில்லை. படிக்கிறவருக்கு எங்கேயோ அடிபட்டு வீங்கின மாதிரி இருக்கும்.

"அது வெறும் டிவி தொடர் சார், வரலாறே அதில் ஒழுங்கில்லை, சொல் மட்டும் ஒழுங்காக இருக்கணுமா" என்பார்கள். வரலாறு ஒழுங்கில்லைதான். 793இல் லிண்டிஸ்ஃபார்னைத் தாக்குகிற ராக்னருக்கு, 911இல் பிராங்கு அரசரிடம் நிலம் வாங்கிய ரோல்லோவை அண்ணன் தம்பி ஆக்கியிருக்கிறார்கள். நடுவில் நூற்றுப் பதினெட்டு வருடம். டென்மார்க்குக்கும் ஸ்வீடனுக்கும் நடுவே இருக்கிற கட்டேகட் என்ற கடலை ஓர் ஊராக்கி, பக்கத்தில் மலையும் வைத்துவிட்டார்கள். ராக்னர் என்று அப்படியே ஒருவர் இருந்தாரா என்பதே சந்தேகம். இதெல்லாம் கதைக்காரர் தெரிந்தே எடுத்துக்கொண்ட உரிமை. துணைத்தலைப்புக்காரர் எடுத்துக்கொள்வது தெரியாமல். நான் பார்த்த ஒன்றில் ராக்னர் மகனைக் கூட்டிக்கொண்டு கிளம்பும்போது கீழே வந்த வரி: "நாம் பொருளுக்குப் போகிறோம்." ராக்னர் சொன்னது திங் (thing). திங் என்றால் நார்ஸ்காரர்களின் ஊர்மன்றம். வழக்கு, பஞ்சாயத்து, சட்டம் எல்லாம் அங்கேதான். 930இல் ஐஸ்லாந்தில் கூடிய ஆல்திங் என்ற மன்றத்தின் பெயரைத்தான் இன்றும் அந்த நாட்டு நாடாளுமன்றம் வைத்திருக்கிறது. ஆங்கிலச் சொல்லே மன்றத்தில் ஆரம்பித்து, மன்றத்தில் பேசுகிற விஷயம் ஆகி, கடைசியில் பொருளாக இறங்கியது. இவர் கடைசிப் படியில் நின்றுகொண்டு மொழிபெயர்த்திருக்கிறார்.

இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. வைக்கிங்குகள் எதிரியின் மண்டையோட்டில் சாராயம் குடித்தார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது ராக்னர் பாம்புக்குழியில் கிடந்து பாடியதாகச் சொல்லப்படும் பழம்பாட்டில் ஒரு வரி. மண்டையில் முளைத்த வளைந்த மரத்திலிருந்து குடிப்போம் என்று வரும். விடுகதை மாதிரிதான்: மாட்டு மண்டையில் முளைத்து வளைந்தது எது? கொம்பு. கொம்பில் குடித்தார்கள், அவ்வளவுதான். 1636இல் ஓலெ வோர்ம் என்ற டேனிய அறிஞரின் புத்தகத்தில் வந்த லத்தீன் மொழிபெயர்ப்பு அதைத் தாங்கள் கொன்றவர்களின் மண்டையோடு ஆக்கிவிட்டது. அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய பாட்டில், அவன் மார்பில் பாய்ந்த வேல் பாணருடைய அகன்ற மண்டையையும் துளைத்தது என்று வரும். அங்கே மண்டை என்றால் உண்கலம். அந்த லத்தீன்காரர் கையில் அது கிடைத்திருந்தால் பாணர் ஒருவர் தலை தப்பியிருக்காது.

இத்தனையையும் அக்கா மகனுக்குக் குரல் செய்தியாக அனுப்பினேன், ஒன்பது நிமிடம். கேட்டானா தெரியாது. பதில் மட்டும் வந்தது: "சரி மாமா. ராக்னர் பொண்டாட்டி லாகெர்தாவுக்குக் கேடயக் கன்னின்னு போட்டிருக்கான். அவங்களுக்கு ரெண்டு பிள்ளை இருக்கே, அதுவும் தப்புதானே?"

தப்பில்லை. போருக்குப் போகிற பெண்ணுக்குப் பழைய நார்ஸில் அப்படியேதான் பெயர் இருக்கிறது, கேடயம், கன்னி. அந்த ஒரு சொல்லில் மட்டும் அவர் சரியாகச் செய்திருக்கிறார்.