250 வந்துவிட்டால் மெயில் போய்ச் சேர்ந்ததா?

மறுபடியும் அதே புகார். பாஸ்வேர்டு மாற்றும் மெயில் பயனர்களுக்கு வரவில்லை. கோட் எழுதியவரைக் கேட்டால் லாகைத் திறந்து மெயில் சர்வர் பதிலாகத் தந்த '250 ஓகே' என்ற வரியைக் காட்டுகிறார். "நம்ம பக்கம் எல்லாம் சரி சார், மெயில் போயிடுச்சு." இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

போகவில்லை ஐயா. உங்கள் கோட் பேசியது பெரும்பாலும் உங்களுடைய மெயில் சேவையின் சர்வரோடுதான். "வாங்கிக்கொண்டேன், இனி என் பொறுப்பு" என்று அது சொல்வதுதான் 250. பெறுபவரின் சர்வர் அதன்பிறகுதான் வருகிறது. அதுவும் 250 சொல்லிவிட்டு மெயிலை ஸ்பாமில் தள்ளலாம், அதை உங்களுக்குச் சொல்லவும் சொல்லாது. பிறகு மெயில் பவுன்ஸ் ஆனால், அதாவது சேராமல் திரும்பினால், செய்தி எங்கே வரும்? யாருமே திறந்து பார்க்காத நோ-ரிப்ளை முகவரிக்கு! கோடில் எக்ஸப்ஷன் வரவில்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். சேவை தரும் மெசேஜ் ஐடியைச் சேமியுங்கள், பவுன்ஸ் தகவலை வெப்ஹூக் (சேவை தானாகவே உங்கள் சர்வருக்குத் தகவல் அனுப்பும் வழி) வழியாக வாங்குங்கள், யாராவது ஒருவர் அதைப் பார்க்கட்டும்.

எஸ்பிஎஃப் (உங்கள் டொமைன் பெயரில் எந்தச் சர்வர்கள் அனுப்பலாம் என்ற பட்டியல்), டிகேஐஎம் (மெயிலில் இடும் டிஜிட்டல் கையொப்பம்), டிமார்க் (இவற்றில் தேறாத மெயிலை என்ன செய்வது என்ற கொள்கை) மூன்றையும் டொமைனின் டிஎன்எஸ் பதிவுகளில் போட்டாயிற்றா என்று கேட்டால் இன்னும் முழிக்கிறார்கள். ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்களிடம் கூகுள் 2024 பிப்ரவரியிலிருந்து இந்த மூன்றையும் கட்டாயமாகக் கேட்கிறது. குறைவாக அனுப்பினாலும் முதல் இரண்டில் ஒன்றாவது வேண்டும்.

இதைவிட எரிச்சல், 'தொடர்பு கொள்ள' படிவம். பார்வையாளர் தட்டிய முகவரியை அப்படியே ஃப்ரமில் (அனுப்புநர் இடத்தில்) வைத்து அனுப்புகிறார்கள். அவருடைய டொமைன் பெயரில் மெயில் அனுப்ப உங்கள் சர்வருக்கு யார் அனுமதி தந்தது? யாஹூ 2014 ஏப்ரலிலேயே தன் டிமார்க் கொள்கையை 'ரிஜெக்ட்' (தேறாததை நிராகரி) என்று மாற்றிவிட்டது. யாஹூ முகவரிக்காரர் எழுதியது மட்டும் உங்களுக்கு வராமல் போவது இதனால்தான். ஃப்ரமில் உங்கள் டொமைன், ரிப்ளை-டூவில் (பதில் போக வேண்டிய இடத்தில்) அவர் முகவரி. அவ்வளவுதான் வேலை. அப்புறம், அவர் தந்த பெயரையோ தலைப்பையோ ஹெடரில் சேர்க்கும் முன் புதுவரிக் குறியீடு இருந்தால் நிராகரியுங்கள். இல்லாவிட்டால் வேறொருவர் அந்தப் புதுவரியில் தன் பெறுநர்களைச் சேர்த்து உங்கள் படிவம் வழியாகவே ஊருக்கெல்லாம் ஸ்பாம் அனுப்புவார்.

வெப் ரெக்வெஸ்ட் நடந்துகொண்டிருக்கும்போதே மெயில் அனுப்பாதீர்கள். க்யூவில் (பின்னணியில் ஒவ்வொன்றாக ஓடும் வேலை வரிசையில்) போடுங்கள். மெயில் சர்வர் தாமதித்தால் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும், பயனர் பட்டனை மறுபடி மறுபடி அழுத்துவார், பிறகு ஒரே மெயில் நாலு தடவை வந்தது என்று அடுத்த புகார். ஒரே வேலை க்யூவில் இரண்டாம் முறை ஓடினாலும் மெயில் ஒன்றுதான் போக வேண்டும். பிழையையும் பிரித்துப் பாருங்கள். சர்வர் தரும் பிழை எண் 4-இல் தொடங்கினால் அது தற்காலிகமானது, இடைவெளி விட்டு முயலலாம். 5-இல் தொடங்கினால் நிறுத்துங்கள். இல்லாத முகவரிக்கு லூப் போட்டு அனுப்பினால் கெடுவது உங்கள் டொமைனின் பெயர்தான்.

கடைசியாகக் கெஞ்சிக் கேட்கிறேன். சோதனைச் சூழலில் உண்மையான பயனர் முகவரிகளை வைக்காதீர்கள். டெஸ்ட் டாட் காம் என்று தோன்றியதைத் தட்டவும் வேண்டாம், அது வேறு யாரோ பதிவு செய்துவைத்திருக்கும் டொமைன். எக்ஸாம்பிள் டாட் காம் 1999-இலேயே ஆர்எஃப்சி 2606 என்ற இணைய நெறிமுறை ஆவணத்தில் இதற்கென்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள்.