கேரேஜ்ல நீங்களே கட்டின ஸ்போர்ட்ஸ் கார் பிரிட்டன்ல ரோட்டுக்கு வரணுமா? ஐவிஏ டெஸ்ட்டும் நம்பர் பிளேட்டும் முழு விளக்கம்

பிரிட்டன்ல ஒரு சாதாரண ஆள், தன் வீட்டு கேரேஜ்ல சேஸி (காரை தாங்குற அடிச்சட்டம்), இன்ஜின், வயரிங்னு ஒவ்வொண்ணா பூட்டி ஒரு காரை கட்டி, அதை முறையா ரெஜிஸ்டர் பண்ணி, நம்பர் வாங்கி ரோட்ல ஓட்டலாம். சட்டமே இதுக்கு வழி வச்சிருக்கு. அந்த வழியோட பேர்தான் ஐவிஏ, அதாவது ஒவ்வொரு வண்டியையும் தனித்தனியா பாத்து ஒப்புதல் குடுக்குற முறை. கிட் கார், அதாவது பார்ட்ஸா பெட்டியில வாங்கி நாமளே பூட்டுற கார், கட்டணும்னு ஆசைப்படுற நிறைய பேர் இந்த டெஸ்ட் பேரை கேட்டே பயந்து விட்டுடுறாங்க, அது எனக்கு உண்மையிலேயே வருத்தமா இருக்கு, ஏன்னா எதை எதை பாப்பாங்கன்னு முன்னாடியே எழுதி கைல குடுத்துட்டு வைக்கிற பரீட்சை இது.

முதல்ல கொஞ்சம் பின்னணி. லோட்டஸ் கம்பெனியை ஆரம்பிச்ச காலின் சாப்மன் 1957ல லோட்டஸ் செவன்ங்கிற சின்ன ஸ்போர்ட்ஸ் காரை கொண்டு வந்தப்ப பிரிட்டன்ல முழு காரா வாங்கினா பர்சேஸ் டாக்ஸ் உண்டு, பார்ட்ஸா வாங்கி நீங்களே பூட்டிக்கிட்டா அது கிடையாது, அதனால சனங்க பெட்டியில வாங்கிட்டு போய் வீட்ல பூட்டினாங்க. 1973ல வாட் வரி வந்து அந்த லாபம் போயிடுச்சு, அதே வருஷம் செவனை தயாரிக்கிற உரிமை கேட்டர்ஹாம்ங்கிற கம்பெனி கைக்கு போச்சு, ஆனா கட்டுற பழக்கம் மட்டும் போகல. இன்னைக்கும் கேட்டர்ஹாம், வெஸ்ட்ஃபீல்ட் மாதிரி பேருங்க நிறைய பேருக்கு தெரியும், ஒரு பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 வாங்கி பிரிச்சு அதோட இன்ஜின் கியர்பாக்ஸை புது சேஸில ஏத்துறவங்களும் நிறைய. 1998ல எஸ்விஏன்னு ஒரு டெஸ்ட் கொண்டு வந்தாங்க, 2009ல அதை எடுத்துட்டு இன்னும் கடுமையா ஐவிஏ வந்துச்சு. நடத்துறது டிவிஎஸ்ஏங்கிற அரசு அமைப்பு, வட அயர்லாந்துல மட்டும் டிவிஏ.

இதுல அமெச்சூர் பில்ட்னு ஒரு தனி பிரிவு இருக்கு, நமக்கு வேண்டியது அதுதான். காரோட பெரும்பகுதி வேலையை நீங்களே, உங்க சொந்த உபயோகத்துக்கு செஞ்சிருக்கணும். காசு குடுத்து ஒரு ஒர்க்‌ஷாப்ல முழுசா கட்டி வாங்கிட்டு அமெச்சூர்னு சொல்ல முடியாது. நீங்கதான் கட்டினீங்கன்னு காட்ட போட்டோவும் ரசீதும் வேணும். அதனால முதல் நாள் பெட்டியை பிரிக்கிறப்பவே போட்டோ எடுக்க ஆரம்பிச்சிடுங்க, சேஸி வெறுமையா நிக்கிறது, பிரேக் பைப் போட்டது, இன்ஜின் இறக்கினதுன்னு எல்லாத்தையும், முடிஞ்சா அதுல நீங்களும் இருக்குற மாதிரி. ரசீதெல்லாம் ஒரே ஃபைல்ல போடுங்க, பத்து பவுண்ட் பார்ட்டா இருந்தாலும் சரி. இந்த ஃபைல் ஐவிஏக்கு மட்டும் இல்ல, பின்னாடி நம்பர் பிளேட்டுக்கும் இதுதான் கை குடுக்கும்.

டெஸ்ட்ல என்ன பாப்பாங்கன்னு வருவோம், பலரும் தடுக்கி விழுறது இங்கதான்.

பெரிய தலைவலி கூர்மையான விளிம்புங்க. இன்ஸ்பெக்டர் கைல 100 மிமீ விட்டத்துல ஒரு உருண்டை வச்சிருப்பார், அதை காரோட வெளிப்பக்கம் ஓட்டிப் பாப்பார், அது எதை தொடுதோ அந்த இடத்துல விளிம்பு குறைஞ்சது 2.5 மிமீ ஆரத்துக்கு உருண்டையா இருக்கணும். அந்த உருண்டை போய் தொட முடியாத சந்துல இருக்கிறதை பத்தி கவலை இல்ல. ரோட்ல ஒருத்தர் மேல கார் உரசினா கிழிக்கக் கூடாதுங்கிறதுதான் நோக்கம், நியாயமான நோக்கம். ஆனா செவன் மாதிரி கார்ல முன் வீலும் சஸ்பென்ஷன் கையும் வெட்டவெளியில நிக்கும், அதுல இருக்குற ஒவ்வொரு நட்டும், போல்ட் முனையும் அந்த உருண்டைக்கு மாட்டும். அதுக்குதான் நட்டு மேல பிளாஸ்டிக் மூடி போடுறாங்க, மட்கார்டு ஓரத்துல, பாடி விளிம்புல ரப்பர் டிரிம் ஒட்டுறாங்க. டிரிம்மை சும்மா சொருகி வச்சா இன்ஸ்பெக்டர் இழுத்துப் பாத்து கழட்டிடுவார், பசை போட்டு நிரந்தரமா ஒட்டுங்க. பாஸ் ஆன மறுநாளே இதையெல்லாம் பிச்சு எறியிறவங்க இருக்காங்க, எனக்கு அது பிடிக்கல, அந்த மூடி காப்பாத்துறது ரோட்ல நடக்குற யாரோ ஒருத்தரோட காலை.

உள்ளேயும் இதே கதை, தலை இடிக்கிற பகுதின்னு ஒண்ணு குறிச்சு வச்சு டேஷ்போர்டு, சுவிட்சு எல்லாம் பாப்பாங்க. அழகுக்காக பழைய காலத்து நீட்டு டாகிள் சுவிட்சு வாங்கி வச்சிருந்தா, அது எந்த இடத்துல வருதுன்னு துளை போடுறதுக்கு முன்னாடியே ஐவிஏ மேனுவலை (டெஸ்ட்ல பாக்குறதெல்லாம் எழுதியிருக்குற அரசு கையேடு) பாத்துக்கோங்க.

அடுத்தது ஸ்டியரிங். காரை மெதுவா வளைச்சு ஓட்டி கையை தளர்த்தினா வீல் தானா நடுவுக்கு திரும்பப் பாக்கணும். எடை ரொம்ப கம்மியான கார்ங்கிறதால செவன் மாதிரி வண்டிங்க நிறைய இதுல மாட்டும். காஸ்டர் கோணத்தை (முன் வீல் திரும்புற அச்சோட சாய்வு) கூட்டுறது, வீல் அலைன்மென்ட், டயர் காத்தை சரி பண்றதுன்னு இதுக்கு தீர்வு இருக்கு, ஆனா டெஸ்ட் நாள் காலைல பண்ற வேலை இல்ல அது. முன்னாடியே ஒரு காலி இடத்துல, தனியார் நிலத்துல ஓட்டிப் பாத்துடுங்க.

பிரேக்ல பின் வீலுக்கு முன்னாடி முன் வீல் லாக் ஆகணும், இல்லன்னா அவசரத்துல மிதிக்கிறப்ப பின்பக்கம் சுத்திடும். ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தை விட குறைச்சு காட்டவே கூடாது, கொஞ்சம் கூட்டிக் காட்டினா பரவால்ல. சைலன்சர் சத்தம் 99 டெசிபலை தாண்டக் கூடாது. டிப் லைட் தரையிலேர்ந்து குறைஞ்சது 500 மிமீ உயரத்துல இருக்கணும், ரொம்ப தாழ்வான காருக்கு இது பிரச்சனை ஆகும், அதனால சஸ்பென்ஷன் உயரத்தை செட் பண்ணிட்டு அப்புறம் லைட் பிராக்கெட்டை வெல்டு பண்ணுங்க. முன் கண்ணாடி போட்டா அதுக்கு வைப்பர், வாஷர், பனி நீக்குற வசதி எல்லாம் கேப்பாங்க, அதுக்காகவே சிலர் கண்ணாடியே இல்லாம டெஸ்ட்டுக்கு போறது உண்டு. புகை டெஸ்ட் இன்ஜினோட வயசை பொறுத்தது, பழைய இன்ஜின்னு சொன்னா அதை நிரூபிக்க வேண்டியது உங்க பொறுப்பு, டோனர் காரோட, அதாவது நீங்க பார்ட்ஸ் கழட்டி எடுத்த பழைய காரோட, வி5சிங்கிற ரெஜிஸ்ட்ரேஷன் பேப்பரை தொலைச்சிடாதீங்க.

அமெச்சூர் காருக்கு கட்டணம் 450 பவுண்ட், ஃபெயில் ஆகி திரும்ப போனா 90 பவுண்ட்னு ரொம்ப நாளா இருந்து வருது, புக் பண்றப்ப அரசு தளத்துல அன்னைய ரேட்டை பாத்துக்கோங்க. ஃபெயில் ஆனா என்னென்ன சரியில்லன்னு எழுதிக் குடுப்பாங்க, அதை மட்டும் சரி பண்ணிட்டு திரும்ப போகலாம், முதல் தடவை ஃபெயில் ஆகுறது சகஜம்தான், அவமானமா எடுத்துக்காதீங்க. நம்பர் இல்லாத காரை எப்படி டெஸ்ட்டுக்கு கொண்டு போறதுன்னு கேப்பீங்க, முன்கூட்டி புக் பண்ணின டெஸ்ட்டுக்கு ஓட்டிட்டு போக அனுமதி உண்டு, ஆனா இன்சூரன்ஸ் கட்டாயம். என்னைக் கேட்டா டிரெய்லர்ல ஏத்திட்டு போங்க, புதுசா கட்டின காரோட முதல் நீண்ட பயணம் டெஸ்ட் அன்னைக்கு வேண்டாம்.

பாஸ் ஆனா ஒரு ஒப்புதல் சான்றிதழ் குடுப்பாங்க. அதை வச்சு ஸ்வான்சீல இருக்குற டிவிஎல்ஏங்கிற வண்டி ரெஜிஸ்டர் பண்ற அரசு அமைப்புக்கு அப்ளை பண்ணணும், புது வண்டிக்கு வி55/4 ஃபார்ம், பழையதுக்கு வி55/5 ஃபார்ம், கூட வி627/1ங்கிற பில்ட் ரிப்போர்ட், ரசீது, போட்டோ, இன்சூரன்ஸ், ரோடு டாக்ஸ், 55 பவுண்ட் ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ்.

நம்பர் எது வரும்ங்கிறது பார்ட்ஸை பொறுத்தது. எல்லாமே புது பார்ட்ஸ்னு நிரூபிச்சா இந்த வருஷத்து புது நம்பர் கிடைக்கும், அதுல ஒரே ஒரு பெரிய பார்ட் மட்டும் புதுசு மாதிரி ரீகண்டிஷன் பண்ணினதா இருக்கலாம். புது சேஸில ஒரே டோனர் கார்லேர்ந்து ரெண்டு பெரிய பார்ட்ஸ் போட்டிருந்தா அந்த டோனரோட வயசுக்கு ஏத்த நம்பர். ரெண்டும் இல்ல, எந்த பார்ட் எங்கேர்ந்து வந்துச்சுன்னே காட்ட முடியலன்னா கியூ பிளேட், அதாவது வயசு தெரியாத வண்டிக்கு குடுக்குற, கியூ எழுத்துல ஆரம்பிக்கிற நம்பர். கியூ வந்தா கார் ஓடாதுன்னு இல்ல, நல்லாவே ஓடும், ஆனா அதுக்கு மேல ஃபேன்சி நம்பர் மாட்ட முடியாது, விக்கிறப்பவும் வாங்குறவங்க யோசிப்பாங்க. இன்ஜினை ஒரு கார்லேர்ந்தும் கியர்பாக்ஸை இன்னொண்ணுலேர்ந்தும் மலிவா கிடைக்குதேன்னு வாங்குறதுக்கு முன்னாடி இதை நினைங்க, ஒரே டோனரை முழுசா வாங்குறது பெரும்பாலும் புத்திசாலித்தனம்.

ஷோவுல வைக்கிறதுக்கு மட்டும்னா இவ்வளவும் தேவையில்லை. ரெஜிஸ்டர் ஆகாத காரையும் டிரெய்லர்ல கொண்டு போய் தனியார் மைதானத்துல நிறுத்தி காட்டலாம், ரோட்ல ஒரு அடி கூட ஓட்டக் கூடாது, அவ்வளவுதான். நம்பர் வாங்கின கார்னா குளிர்காலத்துல ஓட்டாம வைக்கிறப்ப சார்ன் (வண்டியை ரோட்ல ஓட்டலன்னு அரசுக்கு குடுக்குற அறிவிப்பு) போட்டா ரோடு டாக்ஸ் கட்ட வேண்டாம், ஆனா ஷோவுக்கு ரோட்ல ஓட்டிட்டு போறதா இருந்தா அன்னைக்கு டாக்ஸும் இன்சூரன்ஸும், வயசுக்கு ஏத்தபடி எம்ஓடிங்கிற வருடாந்திர வண்டி பரிசோதனையும் இருக்கணும். வார்விக்‌ஷயர்ல ஸ்டோன்லீ பார்க்ல மே மாச லீவு சமயத்துல நடந்து வந்த கிட் கார் ஷோ மாதிரி இடத்துக்கு போனா, பெயின்ட் பளபளப்பை விட சீட் மேல விரிச்சு வச்சிருக்கிற பில்ட் ஃபைலை சுத்திதான் ஆட்கள் நிப்பாங்க. வெறும் சேஸி போட்டோவை பாத்துட்டு இந்த வெல்டு நீங்களே போட்டதா, பிரேக் பைப் எந்த பக்கமா கொண்டு போனீங்கன்னு கேப்பாங்க. இன்னும் கிட் வாங்காதவங்க அந்த ஆட்கள்கிட்ட பேசிடுங்க, எந்த கிட்டுல டெஸ்ட்டுக்கு என்னென்ன மாத்த வேண்டி வந்துச்சுன்னு ஒளிக்காம சொல்லுவாங்க. கூடவே அரசு தளத்துல கார்களுக்கான ஐவிஏ மேனுவல் இலவசமா கிடைக்குது, கிட்டுக்கு அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி அதை டவுன்லோட் பண்ணி, விளிம்பு, ஸ்டியரிங், லைட் மூணு பகுதியையாவது படிச்சிடுங்க.