இலவச மருந்தும் ஐந்து படிகளும்

உயர் ரத்த அழுத்தத்துக்கு மருந்து இருக்கிறது. பழைய மருந்து, மலிவான மருந்து, நன்றாக வேலை செய்யும் மருந்து. ஆய்வகம் தன் வேலையை எப்போதோ முடித்துக் கொடுத்துவிட்டது. ஆனாலும் ஒரே ஊரில், ஒரே மருந்து விற்கும் இடத்தில், வசதியுள்ளவருக்கு அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. வசதியில்லாதவருக்குப் பக்கவாதம் வந்துவிடுகிறது. மக்களிடம் விழிப்புணர்வு இல்லை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். அதிகாரிகளுக்கு மிகவும் பிடித்த விளக்கம் அது. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறொன்று தெரியும்.

ஒருவருடைய ரத்த அழுத்தம் கட்டுக்குள் வர என்னவெல்லாம் நடக்க வேண்டும்? முதலில் யாராவது அளந்து பார்க்க வேண்டும். வலி, காய்ச்சல் என்று எதுவும் தராத கோளாறு என்பதால் யாரும் தானாகப் போய்க் காட்டிக்கொள்வதில்லை. அடுத்து, உறுதி செய்துகொள்ள இன்னொரு நாள் போக வேண்டும். மருத்துவர் சரியான மருந்தைச் சரியான அளவில் எழுத வேண்டும். அது மாதாமாதம் தவறாமல் கைக்கு வர வேண்டும். கடைசியாக, உடம்பில் ஒரு மாற்றமும் தெரியாவிட்டாலும் வருடக்கணக்கில் தினமும் அதை விழுங்க வேண்டும். மொத்தம் ஐந்து படிகள்.

ஒவ்வொரு படியையும் நூற்றுக்கு 90 பேர் தாண்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 0.9ஐ ஐந்து முறை பெருக்கினால் 0.59. ஆக, நூறு பேரில் 59 பேர் கரை சேர்கிறார்கள். இன்னொரு கூட்டத்தில் ஒவ்வொரு படியையும் 70 பேர்தான் தாண்டுகிறார்கள் என்றால்? கடைசியில் 17 பேர். படிக்குப் படி பார்த்தால் வித்தியாசம் வெறும் 20. முடிவில் பார்த்தால் மூன்றரை மடங்கு. நிஜ வாழ்க்கை இவ்வளவு ஒழுங்காகப் பெருக்கல் வாய்பாட்டின்படி நடக்காது என்பது உண்மைதான். ஆனால் ஆள் கழிந்துபோகும் விதம் இதுதான்.

படியைத் தாண்டாதவர்கள் அலட்சியக்காரர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. தினக்கூலி வாங்குபவருக்கு ஒரு முறை மருத்துவமனைக்குப் போய்வருவது ஒரு நாள் சம்பளத்தை இழப்பது. மாத ஊதியக்காரருக்கு அது இரண்டு மணி நேர அனுமதி. இருவருக்கும் சீட்டு இலவசம்தான்.

இப்போது அரசு நல்லெண்ணத்தோடு மருந்தை எல்லோருக்கும் இலவசமாக்குகிறது என்று கொள்வோம். நான்காம் படி மறைந்துவிடுகிறது. முதல் கூட்டத்தில் 59 என்பது 66 ஆகிறது. இரண்டாம் கூட்டத்தில் 17 என்பது 24 ஆகிறது. இரண்டு பக்கமும் முன்னேற்றம், சராசரியும் உயர்ந்துவிட்டது, அறிக்கையில் பெருமையாக எழுதலாம். ஆனால் இடைவெளி முன்பு 42, இப்போதும் 42. அசையவே இல்லை. இலவசம் தேவையில்லாத வேலை என்று இதற்குப் பொருளல்ல. அந்த ஏழு பேரும் உயிருள்ள மனிதர்கள். ஆனால் ஒரு படியை மட்டும் எடுத்துவிட்டு ஏற்றத்தாழ்வு ஒழியும் என்று எதிர்பார்த்தால் கணக்கு ஒத்துவராது.

1971இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற மருத்துவர் இந்த நிலைமைக்கு ஒரு விதியையே எழுதினார். நல்ல மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் குறைவாகக் கிடைக்கிறது; மருத்துவம் எந்த அளவுக்குச் சந்தையிடம் விடப்படுகிறதோ அந்த அளவுக்கு இந்த விதி முழுமையாக வேலை செய்கிறது. அவர் வேல்ஸில் கிளின்காரக் என்ற நிலக்கரிச் சுரங்கக் கிராமத்தில் பல்லாண்டுகள் பொது மருத்துவராக இருந்தவர். விதியை எழுதியதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அங்கே அவர் செய்த வேலை. நோயாளி தேடி வரட்டும் என்று காத்திருக்காமல், தன்னிடம் பதிந்திருந்த பெரியவர்கள் கிட்டத்தட்ட எல்லோருடைய ரத்த அழுத்தத்தையும் அளந்து வைத்தார். அன்றைக்கு அப்படிச் செய்யும் பழக்கம் பிரிட்டனில் இல்லை. நம் கணக்கில் சொன்னால், முதல் படியை நோயாளியின் தலையிலிருந்து இறக்கி மருத்துவரின் மேசையில் வைத்துவிட்டார்.

பிரேசிலின் குடும்ப சுகாதாரத் திட்டம் 1994இலிருந்து இதையே பெரிய அளவில் செய்கிறது. அங்கே சமூக சுகாதாரப் பணியாளர் ஒருவருக்கு அதிகபட்சம் 750 பேர். மாதத்துக்கு ஒரு முறை அவர் வீட்டுக்கே வந்துவிடுவார். வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியாவிட்டாலும் வருவார், எல்லோரும் நன்றாக இருந்தாலும் வருவார். கர்ப்பிணி யார், தடுப்பூசி விட்டுப்போன குழந்தை எது, மாத்திரையைப் பாதியில் நிறுத்தியவர் யார் என்பதெல்லாம் அவர் ஏட்டில் இருக்கும். இந்தத் திட்டம் அதிகம் பரவிய மாநிலங்களில் குழந்தை இறப்பு கூடுதலாகக் குறைந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இதற்கு நேர் எதிர்த் திசையில் போகும் யோசனையும் உண்டு. சும்மா கொடுத்தால் மதிப்பு இருக்காது, சின்னத் தொகையாவது வாங்க வேண்டும் என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கென்யாவில் ஜெசிகா கோஹன், பாஸ்கலின் டுபா என்ற இரு பொருளாதார அறிஞர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். முடிவு 2010இல் வெளியானது. கர்ப்பிணிகள் வரும் மருத்துவ நிலையங்களில் மலேரியாவைத் தடுக்கும் கொசுவலையைச் சில இடங்களில் இலவசமாகவும், சில இடங்களில் வெவ்வேறு சிறு விலைகளுக்கும் கொடுத்தார்கள். விலை சுழியத்திலிருந்து 60 அமெரிக்க சென்ட்டுக்கு ஏறியபோது வாங்கியவர்களின் பங்கு 60 சதவீதப் புள்ளிகள் சரிந்தது. சரி, காசு கொடுத்து வாங்கியவர்களாவது வலையை ஒழுங்காகக் கட்டிப் படுத்தார்களா? இலவசமாகப் பெற்றவர்களைவிட அவர்கள் கூடுதலாகப் பயன்படுத்தியதற்குச் சான்று கிடைக்கவில்லை. சின்னத் தொகை பிரித்தெடுத்தது பொறுப்பானவர்களை அல்ல, கையில் காசு இருந்தவர்களை.

ஏழைகளுக்கு மட்டும் என்று தனித் திட்டம் போட்டால் என்ன? இங்கேதான் 1967இல் லண்டனில் தொடங்கிய ஒயிட்ஹால் ஆய்வு குறுக்கே வருகிறது. மைக்கேல் மார்மட் என்ற மருத்துவ ஆய்வாளரின் குழுவினர் ஆராய்ந்தது சுமார் 18,000 ஆண் அரசு ஊழியர்களை. யாரும் பரம ஏழை இல்லை. எல்லோருக்கும் நிரந்தர வேலை, எல்லோருக்கும் தேசிய சுகாதாரச் சேவை என்ற அரசு மருத்துவம். ஆனாலும் கடைநிலை ஊழியர்கள் இதய நோயால் இறக்கும் விகிதம் உயர் அதிகாரிகளைப் போல மூன்று மடங்குக்கும் மேல் இருந்தது. புகைப்பழக்கம், ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தும் வித்தியாசத்தின் பெரும்பகுதி அப்படியே நின்றது. அதைவிட ஆச்சரியம், மேலிருந்து இரண்டாம் நிலையில் இருந்தவர்களே முதல் நிலைக்காரர்களைவிட அதிகமாக இறந்தார்கள். உடல்நலத்தில் ஏழை, பணக்காரர் என்று இரண்டு தரப்பு இல்லை. மேலிருந்து கீழ்வரை ஒரே சரிவுதான். எங்கே கோடு கிழித்தாலும் கோட்டுக்குச் சற்று மேலே இருப்பவர் விடுபட்டுப் போவார். போதாக்குறைக்கு, நான் ஏழைதான் என்று நிரூபிக்கச் சான்றிதழ் வாங்க அலைவது ஆறாவது படி. மார்மட் 2010இல் தந்த அறிக்கை இதற்கொரு வழி சொன்னது: திட்டம் எல்லோருக்கும், அதன் அடர்த்தி மட்டும் தேவைக்கேற்ப.

தேவையை எப்படி அளப்பது என்பதில் ஒரு பொறி இருக்கிறது. அமெரிக்க மருத்துவமனைகள் பரவலாகப் பயன்படுத்திய ஒரு கணினி நிரல், கூடுதல் கவனிப்பு யாருக்குத் தேவை என்று தேர்ந்தெடுத்தது. இனம் என்ன என்று அது கேட்கவே இல்லை. கடந்த கால மருத்துவக் காப்பீட்டுப் பதிவுகளை வைத்து வரும் செலவைக் கணித்தது. அதிகம் செலவாகும் ஆளுக்கு அதிகத் தேவை என்று எடுத்துக்கொண்டது. ஆனால் அதே அளவு நோயுள்ள கறுப்பினத்தவருக்கு அங்கே குறைவாகத்தான் செலவு செய்யப்பட்டிருந்தது. மருத்துவம் கிடைக்காதவரை, மருத்துவம் தேவைப்படாதவர் என்று நிரல் புரிந்துகொண்டது. சியாத் ஓபர்மேயர் என்ற ஆய்வாளரின் குழு 2019இல் இதைக் கண்டுபிடித்தது. இந்தச் சாய்வை நீக்கினால், கூடுதல் உதவி பெறுவோரில் கறுப்பினத்தவரின் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 சதவீதமாக உயரும் என்று கணக்கிட்டார்கள். போன வருடச் செலவைப் பார்த்து இந்த வருட நிதியைப் பிரிக்கும் எந்த அரசும் இதே தவற்றைக் கணினி இல்லாமலே செய்கிறது.

படியே இல்லாத திட்டம் என்று ஒன்று உண்டா? உண்டு. கருவில் மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் குழாய், கரு உருவாகி 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது. ஃபோலிக் அமிலம் போதாவிட்டால் அது சரியாக மூடாமல் போகும் ஆபத்து கூடுகிறது. பல பெண்களுக்குத் தாம் கர்ப்பம் என்று தெரிவதற்குள் அந்த 28 நாட்கள் கழிந்துவிடும். கருத்தரிக்கும் முன்பே மாத்திரை சாப்பிடுங்கள் என்று பிரசாரம் செய்தால், கர்ப்பத்தைத் திட்டமிட்டு, மருத்துவரிடம் பேசி, மறக்காமல் விழுங்குபவர்களுக்கே அது பயன்படும். கனடா 1998இல் மாவில் ஃபோலிக் அமிலம் சேர்ப்பதைக் கட்டாயமாக்கியது. குழாய் சரியாக மூடாததால் வரும் பிறவிக் குறைபாடுகள் ஆயிரம் பிறப்புக்கு 1.58இலிருந்து 0.86 ஆகக் குறைந்தன. முன்பு எங்கே விகிதம் அதிகமாக இருந்ததோ அங்கேதான் வீழ்ச்சியும் அதிகம். பகுதிக்குப் பகுதி இருந்த வேறுபாடு ஏறக்குறைய மறைந்துவிட்டது. யாரையும் கேட்காமல் எல்லோர் உணவிலும் ஒன்றைச் சேர்க்கலாமா என்ற கேள்வி நியாயமானது. வெளிப்படையாக விவாதித்து, அளவைக் கண்காணித்துச் செய்தால் சரி என்பது என் கட்சி. எல்லா நோய்க்கும் மாவில் கலக்க மருந்து இல்லை என்பதும் உண்மை.

புதிதாக வரும் எந்தத் தடுப்பூசியும் சிகிச்சையும் முதலில் வசதியுள்ளவர்களிடம்தான் போகிறது என்று பிரேசிலைச் சேர்ந்த செசார் விக்டோரா குழு 2000இல் காட்டியது. அதனால் தொடக்கத்தில் இடைவெளி விரியும், பிறகு குறையும். குறைவதைப் பார்த்து உடனே கைதட்டிவிடக் கூடாது. மேலே இருப்பவர்கள் 98 சதவீதத்தைத் தொட்டுவிட்டால் அவர்களுக்கு ஏற இடமில்லை. கீழே இருப்பவர்கள் மெதுவாக ஏறினாலும் இடைவெளி தானாகவே சுருங்கும். அதில் கொள்கையின் சாதனை எவ்வளவு, உச்சவரம்பின் உதவி எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க, இடைவெளியைச் சதவீதத்தில் அளப்பதோடு ஆண்டிலும் அளக்கலாம். மேலே இருக்கும் ஐந்தில் ஒரு பங்கினர் எட்டிய அளவைக் கீழே இருக்கும் ஐந்தில் ஒரு பங்கினர் எத்தனை ஆண்டு கழித்து எட்டினார்கள்? ஒரு தடுப்பூசிக்கு இருபது ஆண்டு, அடுத்ததற்கு ஐந்து ஆண்டு என்றால், நடுவில் யாரோ சில படிகளை எடுத்திருக்கிறார்கள்.